வேட்டியின் வெள்ளை, முகத்தின் மாநிறம்: படத் திருத்தத்தில் டோனைச் சரியாகக் கணிப்பது எப்படி?

கல்யாணப் படம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரத்துப் படம் என்றால் இன்னும் நல்லது. பட்டு வேட்டி சட்டையில் மாப்பிள்ளை, குங்குமச் சிவப்புப் புடவையில் பெண், கருகருவென்ற கூந்தலில் மல்லிகைச் சரம், சரிகை, நகை, ஓமப்புகை, நடுவில் மாநிற முகங்கள் இரண்டு. டோன் கணிப்பில் வரக்கூடிய சிக்கல்கள் அத்தனையும் இந்த ஒரே படத்தில் கிடைக்கும். கட்டுரை முழுக்க இதை வைத்தே பேசுவோம்.

டோன் என்று இங்கே சொல்வது நிறத்தை அல்ல. ஓர் இடம் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கருமை என்ற அளவை மட்டும்தான். நிறத்தை ஓரளவு எல்லோரும் சரியாகப் பார்த்துவிடுகிறார்கள். டோனில்தான் கண் ஏமாறுகிறது.

எப்படி ஏமாறுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மாப்பிள்ளையின் வேட்டியில் நிழல் விழுந்த மடிப்பு ஒன்றை ஐட்ராப்பரால் (தொட்ட இடத்தின் நிற எண்களைக் காட்டும் கருவி) தொடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் (ஆர்ஜிபி, 0 முதல் 255 வரை) 140, 140, 150 என்ற மாதிரி எண்கள் வரும். அவருடைய கன்னத்தில் வெளிச்சம் படும் பக்கத்தைத் தொட்டால் 180, 125, 95 வருகிறது என்று வையுங்கள். லேப் வண்ணமுறையில் எல் மதிப்பு என்று ஒன்று உண்டு; 0 முழுக் கருப்பு, 100 முழு வெள்ளை. அந்தக் கணக்கில் மடிப்பு 58, கன்னம் 57. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே டோன். ஆனால் பார்க்கும்போது வேட்டி வெள்ளையாகவும் முகம் மங்கலாகவும்தான் தெரியும். வேட்டி வெள்ளை என்று மூளைக்குத் தெரியும். நிழலைக் கழித்துவிட்டுத்தான் அது நமக்குக் காட்டுகிறது. பார்வை ஆய்வாளர் எட்வர்ட் ஏடல்சன் 1995-இல் வரைந்த சதுரங்கக் கட்டப் படத்தில் நிழலில் உள்ள வெளிர் கட்டமும் வெளிச்சத்தில் உள்ள கருங்கட்டமும் ஒரே சாம்பல்தான், ஆனால் எத்தனை முறை பார்த்தாலும் நம்ப முடியாது. அதே ஏமாற்றுதான் இங்கேயும்.

கையால் சோதிக்க ஒரு வழி: சாம்பல் நிற அட்டை ஒன்றில் பஞ்ச் மெஷினால் இரண்டு ஓட்டைகள் போடுங்கள். ஸ்கிரீனில் வைத்து, ஓர் ஓட்டையில் மடிப்பும் இன்னொன்றில் கன்னமும் தெரிகிற மாதிரி படத்தைப் பெரிதாக்கி நகர்த்துங்கள். சுற்றியிருப்பது மறைந்ததும் இரண்டின் டோனும் ஒன்றாகிவிடும். நான்கைந்து படங்களில் இப்படிப் பார்த்துப் பழகினால், நிழலில் கிடக்கும் வெள்ளையை வீணாகத் தூக்கும் வழக்கம் போய்விடும்.

ஸ்கிரீன் சரியில்லாமல் கண்ணைக் குறை சொல்லக் கூடாது

வந்த ஆல்பம் இருட்டாக இருக்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்கிரீனின் அதிக வெளிச்சம். லேப்டாப்பை முழு பிரைட்னஸில் வைத்தால் 250 நிட்டுக்கு (நிட் என்பது ஸ்கிரீன் வெளிச்சத்தின் அளவு) மேலேயே போகும். திருத்த வேலைக்கு 80 முதல் 120 நிட் போதும். வெளிச்சம் அதிகமான ஸ்கிரீனில் இருண்ட படமும் நன்றாகத் தெரியும், அதனால் நீங்கள் அதை இன்னும் இறக்குவீர்கள்.

ஸ்கிரீனை அளந்து சரிசெய்யும் கேலிபரேஷன் கருவி இருந்தால் 100 நிட், டி65 (பகல் வெளிச்ச வெள்ளை), காமா 2.2 (நடு டோன்களின் வளைவு) என்று வைத்து மாதம் ஒருமுறை ஓட்டுங்கள். கருவி இல்லாதவர்கள் கேமராவையே மீட்டராக்கலாம். ஸ்கிரீனில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். கேமராவை மேனுவலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6, 1/25 நொடி என்று வையுங்கள். வெள்ளை மட்டும் ஃப்ரேமை நிரப்பட்டும்; ஃபோகஸ் வேண்டாம். இப்போது மீட்டரின் முள் நடுவில் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை ஸ்கிரீனின் பிரைட்னஸைக் கூட்டிக் குறையுங்கள். முள் நடுவில் நிற்கும்போது ஸ்கிரீன் ஏறத்தாழ 100 நிட்டில் இருக்கும். மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு அல்லது பாதி) அளவுக்குப் பிழை வரலாம், ஆனாலும் கண்மதிப்பில் வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

கூடவே நைட் லைட், ட்ரூ டோன், ஆட்டோ பிரைட்னஸ், மானிட்டரின் டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இதில் ஒன்று ஓடினாலும் காலையில் பார்த்த படம் மாலையில் வேறாகத் தெரியும். ஸ்கிரீன் போட்டு அரை மணி நேரம் கழித்தே டோன் வேலையைத் தொடங்குங்கள். டிஎன் பேனல் (பழைய, மலிவான வகை ஸ்கிரீன்) லேப்டாப்பாக இருந்தால் மூடியின் சாய்வு கொஞ்சம் மாறினாலே கருமை மாறும். அதில் டோன் முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

ஒரு சின்னச் சோதனை. முழுக் கருப்பு டாக்குமெண்டில் 4, 8, 12, 16, 20 என்ற சாம்பலில் ஐந்து கட்டங்கள் வரையுங்கள். 8 லேசாகவும் 12 தெளிவாகவும் தெரிய வேண்டும். 20 மட்டும்தான் தெரிகிறது என்றால் கூந்தல் இழைகள் அந்த ஸ்கிரீனில் உங்களுக்குத் தெரியப்போவதே இல்லை. வெள்ளைப் பக்கத்தில் 251, 247, 243 என்று அதே மாதிரி பாருங்கள்.

படத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தின் நிறமும் கணக்கில் வரும். சுற்றிலும் கருப்பாக இருந்தால் படம் வெளிச்சமாகவும் கான்ட்ராஸ்ட் குறைவாகவும் தெரியும். பார்ட்டில்சன், பிரெனிமன் என்ற ஆய்வாளர்கள் 1967-இல் அளந்து காட்டிய விஷயம் இது. அந்தப் படத்தை வெள்ளை ஆல்பம் பக்கத்தில் வைத்ததும் இருண்டு போகும். லைட்ரூமிலும் ஃபோட்டோஷாப்பிலும் படத்துக்கு வெளியே ரைட் கிளிக் செய்து நடுத்தர சாம்பலைத் தேர்ந்தெடுங்கள்.

நிறத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஆனால் டீசாச்சுரேட் வேண்டாம்

டோனைத் தனியாகப் பார்க்கக் கருப்பு வெள்ளையாக்குவது எல்லோருக்கும் தெரிந்த வழி. பலர் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+யூ அடித்து டீசாச்சுரேட் செய்கிறார்கள். அது தப்பான விடை தரும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களில் பெரியதையும் சின்னதையும் கூட்டி இரண்டால் வகுப்பது மட்டுமே அது செய்யும் வேலை. கண்ணுக்குப் பச்சையின் ஒளி மிக அதிகம், நீலத்தின் ஒளி மிகக் குறைவு என்பதை அது கணக்கில் எடுக்காது. மஞ்சள் புடவை ஒன்று 230, 180, 30 என்று இருந்தால் டீசாச்சுரேட்டில் 130 சாம்பலாக விழும், அதாவது எல் 54. உண்மையில் அந்த மஞ்சளின் எல் 76. சாம்பலில் 187 ஆக வர வேண்டும். பளிச்சென்ற மஞ்சள் மண்ணிறமாகத் தெரிந்தால் அதை வைத்து என்ன முடிவெடுப்பது?

ஃபோட்டோஷாப்பில் சரியான வழி இது. வியூ மெனுவில் ப்ரூஃப் செட்டப், அதில் கஸ்டம். சிமுலேட் செய்ய வேண்டிய டிவைஸாக கிரே காமா 2.2-ஐக் கொடுங்கள். இனி கண்ட்ரோல்+ஒய் அடித்தால் படம் சரியான சாம்பலில் தெரியும், மறுபடி அடித்தால் நிறம் திரும்பிவிடும். படத்தில் எதுவும் மாறாது. திருத்திக்கொண்டிருக்கும்போதே போட்டு எடுக்கலாம். மேலே கருப்பு சாலிட் கலர் லேயர் வைத்து பிளெண்டிங் மோடை கலர் ஆக்கும் பழைய வழியும் உண்டு. முகத்துக்கு அது சரியாகவே காட்டும். அழுத்தமான சிவப்பை மட்டும் தேவைக்கு மேல் கருமையாகக் காட்டும். புடவைப் படத்துக்கு அதனால் அது ஒத்துவராது. லைட்ரூமில் ஹிஸ்டோகிராமின் (டோன்களின் பரவலைக் காட்டும் வரைபடம்) மேல் ரைட் கிளிக் செய்து லேப் மதிப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டு எல் எண்ணைப் பார்த்தால் போதும்.

சாம்பல் பார்வையில் நம் படத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே தெரியும். வெளிச்சம் படும் குங்குமச் சிவப்பு 220, 30, 40 என்றால் எல் 47. முகத்தின் நிழல் பக்கமும் நாற்பதுகளில்தான் இருக்கும். நிறத்தில் பார்க்கும்போது முகமும் புடவையும் தனித்தனியாகத் தெரிந்தவை, சாம்பலில் தாடைக்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முகம் எடுபடவில்லையே என்று தோன்றும் படங்களில் பாதிக்குக் காரணம் இந்த ஒட்டுதல்தான். முகத்தைத் தூக்கி இதைச் சரிசெய்ய முடியாது. தோள் பக்கத்துப் புடவையை எல் 5, 6 அளவு இறக்கினால் தாடை தானாகப் பிரிந்து வந்துவிடும். அரக்குப் புடவையில் இந்தச் சிக்கல் வராது: 150, 20, 35 என்ற அரக்கின் எல் 32.

நான்கு புள்ளிகள்

கண்ணால் ஒப்பிட மட்டுமே முடியும். அளக்க எண்கள் வேண்டும். ஃபோட்டோஷாப்பில் ஐட்ராப்பரின் சாம்பிள் சைஸை 5-க்கு 5 சராசரி ஆக்குங்கள். ஒற்றைப் பிக்சலாக வைத்தால் நாய்ஸைத்தான் அளப்பீர்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு நான்கு இடங்களில் கிளிக் செய்யுங்கள்: வெளிச்சத்தில் உள்ள வேட்டி, வெளிச்சப் பக்கக் கன்னம், நிழல் பக்கக் கன்னம், புகை படாத கூந்தல். எஃப்8 அடித்தால் இன்ஃபோ பேனல் வரும். அதில் ஒரு கணக்கை ஆர்ஜிபியாகவும் இன்னொன்றை லேபாகவும் வையுங்கள்.

வேட்டி: நெசவு தெரிய வேண்டிய இடம் ஆர்ஜிபியில் 235-லிருந்து 245 வரை. லைட்ரூமின் சதவீதத்தில் 92 முதல் 96. பட்டு வேட்டி சந்தன வெள்ளை, அதனால் நீலம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 240, 232, 215 என்பது சரியான பட்டு. மூன்று எண்களையும் சமமாக்கப் போனால் பட்டு பருத்தியாகிவிடும். சரிகையின் மினுக்கு, நகையின் பளபளப்பு இவை 255 தொட்டால் பரவாயில்லை. ஊசிமுனை அளவு புள்ளிகளாக இருக்கும்வரை. மல்லிகை அப்படி அல்ல. மொட்டுகளின் விளிம்பு 255-க்குப் போய்விட்டால் சரம் முழுதும் வெள்ளைத் தீற்றலாகிவிடும்.

கூந்தல்: ஆர்ஜிபியில் 15 முதல் 30. அதற்குக் கீழே இழை தெரியாது, மேலே போனால் சாயம் போன முடி மாதிரி இருக்கும். லெவல்ஸில் கருப்பு, வெள்ளை ஸ்லைடர்களை ஆல்ட் அழுத்திக்கொண்டு நகர்த்தினால் எந்த இடம் அறுபடுகிறது, அதாவது விவரம் இழந்து முழுக் கருப்பாகவோ வெள்ளையாகவோ ஆகிறது, என்று தெரியும். லைட்ரூமில் ஒயிட்ஸ், பிளாக்ஸ் ஸ்லைடர்களுக்கும் அதேதான். ஜே அடித்தால் எச்சரிக்கை நிறங்கள் நிலையாக நிற்கும்.

ஓமப்புகைக்குப் பின்னால் உள்ள கூந்தல் 45, 50 என்று காட்டும். அதை 20-க்கு இழுக்காதீர்கள். நடுவே இருப்பது புகை, அது வெளுப்புதான். மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரை வைத்து இழுத்தால் புகை அழுக்குத் திட்டாகிவிடும். கருப்புப் புள்ளியைப் புகை இல்லாத இடத்தில் எடுங்கள்.

முகம்

இந்த வேலையில் அதிகம் கவனம் வேண்டிய இடம் இதுதான், அதிகம் கெடுக்கப்படுவதும் இதுதான். புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் உருவாக்கிய, டோன்களைக் கருப்பிலிருந்து வெள்ளை வரை படிகளாகப் பிரிக்கும் ஸோன் முறையில் தோலுக்கு ஆறாம் ஸோன் என்று சொல்லப்பட்டிருக்கும். அது வெள்ளைக்காரர்களின் தோலுக்குச் சொன்னது. ஆறாம் ஸோன் என்றால் எல் 66 பக்கம். நம் மாநிற முகத்தை அங்கே கொண்டுபோனால் அரை ஸ்டாப்புக்கு மேல் வெளுத்துவிடும். இன்னும் கருத்த முகமாக இருந்தால் அந்த ஆள் வேறு ஆளாகிவிடுவார். அழகுபடுத்துகிறோம் என்ற பெயரில் இப்படிச் செய்வது தவறு. கூட நின்ற உறவினர்கள் கண்ணால் கண்ட முகம்தான் ஆல்பத்திலும் இருக்க வேண்டும்.

வேலைக்கு நாங்கள் வைத்துக்கொள்ளும் அளவு: மாநிறத்துக்கு வெளிச்சப் பக்கக் கன்னம் எல் 50 முதல் 60, கருத்த நிறத்துக்கு 38 முதல் 48. இவை தொடங்குவதற்கான இடங்கள்தான், விதி அல்ல. நிழல் பக்கம் இதைவிட எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இந்த இடத்தில் ஒரு ஸ்டாப் என்பது எல்லில் 15. வெளிச்சப் பக்கம் 57 என்றால் ஒரு ஸ்டாப் கீழே 42. முகத்துக்கு வடிவம் தருவது இந்த 15-தான். ஷேடோஸ் ஸ்லைடரை இழுத்து 5-க்குக் குறைத்தால் மூக்கும் தாடையும் தட்டையாகிவிடும். அப்புறம் கிளாரிட்டியை ஏற்றி வடிவத்தைத் தேடுவோம். கூந்தலைச் சுற்றி வெளிர் வளையம் வரும்.

முகத்தைத் தூக்கத்தான் வேண்டுமென்றால் மாஸ்க் போட்டு 0.15, 0.2 என்று சின்னச் சின்னதாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் இரு கன்னங்களின் எண்ணையும் பாருங்கள். இடைவெளி அப்படியே இருக்க வேண்டும். கர்வ்ஸில் செய்தால் லேயரின் மோடை லுமினாசிட்டி ஆக்கிக்கொள்ளுங்கள். நார்மலில் கர்வைச் செங்குத்தாக்கினால் நிறமும் சேர்ந்து ஏறி முகம் ஆரஞ்சாகும். அதை வெளிச்சம் கூடியதாக நினைத்து ஏமாறுவோம்.

பக்கத்தில் உள்ள சிவப்பும் ஏமாற்றும். அழுத்தமான நிறங்கள் அவற்றின் எல் மதிப்பைவிடப் பிரகாசமாகத் தெரியும்; ஹெல்ம்ஹோல்ட்ஸ்-கோல்ராஷ் விளைவு என்று இதற்குப் பெயர். புடவை எரிகிற மாதிரி தெரிய, அதன் அருகில் உள்ள முகம் மங்கலாகத் தோன்றும். புடவையின் சாச்சுரேஷனை ஐந்து புள்ளி குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலும் முகத்தைத் தொடவே தேவை இருக்காது.

அதே சிவப்பில் இன்னொரு பொறி. மொத்த ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தைத் தொடாமலே இருக்கும், ஆனால் சிவப்புச் சேனல் மட்டும் 255-இல் முட்டிக்கொண்டிருக்கும். மஞ்சள் வீடியோ லைட், சூடான ஒயிட் பேலன்ஸ், ஏற்றிவிட்ட வைப்ரன்ஸ் மூன்றும் சேரும்போது இது நடக்கும். புட்டாவும் மடிப்பும் கரைந்து புடவை பெயின்ட் அடித்த மாதிரி ஆகிவிடும். கண்ட்ரோல்+3 அடித்துச் சிவப்புச் சேனலை மட்டும் பாருங்கள். நெசவு தெரியாமல் வெள்ளையாக இருந்தால் அறுபட்டுவிட்டது. கண்ட்ரோல்+2 முழுப்படத்துக்குத் திரும்பும். முதலில் வைப்ரன்ஸைக் குறையுங்கள், பிறகு ஒயிட் பேலன்ஸைச் சரிபாருங்கள், அதற்கும் வழிவராவிட்டால் சிவப்பின் லுமினன்ஸை 10, 15 இறக்குங்கள்.

ஹிஸ்டோகிராம் பற்றி ஒன்றே ஒன்று. அது நடுவில் மலைபோல் இருக்க வேண்டும் என்பது பொய். எந்த டோனில் எத்தனை பிக்சல் என்று எண்ணிச் சொல்ல மட்டும் அதற்குத் தெரியும், எது முகம் எது சுவர் என்று தெரியாது. இருண்ட மண்டபமும் வெள்ளை வேட்டியும் உள்ள படத்தில் இரண்டு பக்கமும் குவிந்து நடு காலியாகத்தான் இருக்கும்.

கடைசியாகக் கண்ணிடம் திரும்புங்கள்

எண்கள் சரியாகியும் படம் சரியில்லாமல் இருக்கலாம். கண்ணை அரைவாசி மூடிப் பாருங்கள். விவரம் மறைந்து பெரிய டோன் திட்டுகள் மட்டும் நிற்கும். முதலில் கண்ணை இழுப்பது முகமா, வேட்டியா? படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி அதே கேள்வியைக் கேளுங்கள். இடவலமாகத் திருப்பினால் பழகிப்போன தப்பு புதிதாகத் தெரியும். பத்து நிமிடம் எழுந்துபோய் வந்து, முதல் இரண்டு நொடியில் தோன்றுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் கண் ஸ்கிரீனுக்குப் பழகிவிடும்.

600 படங்கள் உள்ள தொகுப்பில் ஒன்றை முழுதாக முடித்து அதை அளவுகோலாக வையுங்கள். லைட்ரூமில் ஷிஃப்ட்+ஆர் ரெஃபரன்ஸ் வியூவைத் திறக்கும். அளவுகோல் படம் இடப்பக்கம் நிற்க, மற்றவற்றை அதனோடு பொருத்தலாம். ஒரே மேடை, ஒரே விளக்கு என்றால் ஒரே ஆளின் கன்னம் படத்துக்குப் படம் எல்லில் 3-க்கு மேல் மாறக் கூடாது.

ஆல்பம் மேட் தாளில் என்றால் கூந்தலை இன்னொரு முறை பாருங்கள். பளபளப்புத் தாள் எல் 5 வரை கருப்பைக் காட்டும், மேட் தாளின் ஆழ்ந்த கருப்பே எல் 18 பக்கம்தான். ஆர்ஜிபி 15-இல் வைத்த இழைகள் அதில் ஒரே மையாகிவிடும். ஆர்ஜிபியில் 25 முதல் 35-க்குத் தூக்குங்கள். அச்சடிப்பவரிடம் அந்தத் தாளின் ஐசிசி ப்ரொஃபைல் (தாளில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) இருந்தால் வாங்கி, அச்சு எப்படி வரும் என்று ஸ்கிரீனிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃபில் பாருங்கள்.

முழு ஆல்பத்தையும் அனுப்புவதற்கு முன்னால் முடித்த படத்தை அதே தாளில் மூன்றாக அச்சடியுங்கள்: உள்ளபடி ஒன்று, எக்ஸ்போஷர் 0.3 கூட்டி ஒன்று, 0.5 கூட்டி ஒன்று. பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாமல், மூன்றையும் ஸ்கிரீனில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். முதலாவது பொருந்தினால் அனுப்பிவிடலாம். 0.3 கூட்டியதுதான் பொருந்துகிறது என்றால் 600 படங்களையும் ஏற்றாதீர்கள். ஸ்கிரீன்தான் வெளிச்சமாக இருக்கிறது. 120 நிட்டில் இருந்தால் 100-க்கு இறக்கிவிட்டு, அளவுகோல் படத்தை மறுபடி திருத்தி, அந்த மாற்றத்தை மற்றவற்றுக்கு சிங்க் செய்யுங்கள்.